கஞ்சித்தொட்டியும் இதயநோயும்: உணவுக்குப் பொறுப்பு யார்?

இதயத் தமனி நோயை உணவொழுக்கத்தால் பெருமளவு தடுக்கலாம் என்பதும், வந்துவிட்ட பின்னரும் அதன் போக்கை உணவால் ஓரளவு திருப்பலாம் என்பதும் இன்றைய மருத்துவம் தயக்கமின்றிச் சொல்லும் செய்திகள். ஆயினும், தடுத்திருக்கக்கூடிய நோய் ஒன்று ஒருவரைப் பற்றிக்கொள்ளும்போது அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், அந்தக் கேள்வி மருத்துவத்தின் எல்லையைக் கடந்து அறநூல்களின் எல்லைக்குள் புகுந்துவிடுகிறது. உண்டவரே பொறுப்பு என்பது எளிதில் கிடைக்கும் விடை. எடுத்த கை அவருடையது, சுவைத்த நா அவருடையது, அளவு மீறியவரும் அவரே என்னும் இந்த விடையில் நியாயம் உண்டு என்றாலும், அது பாதி நியாயமே என்பதையும், மறுபாதி உணவை அவர் முன்னே வைத்தவர்களைச் சேர்ந்தது என்பதையும் வடசென்னையின் சமய மரபும் மருத்துவ வரலாறும் ஒருசேரக் காட்டுகின்றன.

இராயபுரத்தை ஒட்டிப் பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையை வட்டாரத்து முதியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே குறிப்பிடுவர். அதற்குப் பின்னால் ஒரு பஞ்சத்தின் வரலாறு உள்ளது. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பை அடுத்துச் சென்னையைச் சூழ்ந்த ஊர்கள் பாழ்பட்டு, பட்டினியால் வாடிய மக்கள் நகரை நோக்கித் திரண்டு வந்தபோது, அவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக 1782இல் ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். அதைச் சார்ந்து 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் ஒரு மருத்துவமனையைத் தொடங்க, அதுவே பல மாற்றங்களைக் கடந்து ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938இல் மருத்துவக் கல்லூரியாகவும் உயர்ந்தது. இங்கே மருந்துக்கு முன்னர் வந்தது கஞ்சி. பசி என்னும் நோய்க்கு உணவையே சிகிச்சையாக வழங்கிய அந்த இடத்துக்கு இன்று நெஞ்சுவலியோடு வருபவர்களிடம் உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, சோற்றைக் குறை என்று சொல்ல வேண்டியிருப்பதைப் பார்ப்பவர்கள், பசியின் காலம் முடிந்து மிகுதியின் காலம் தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டுவது இயல்பு. அந்த முடிவு தவறானது என்பது பின்னர் விளங்கும்.

இதயத் தமனிகள் என்பவை இதயத்தின் தசைக்கே இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள். அவற்றின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சி அணுக்களும் சுண்ணாம்புச் சத்தும் ஆண்டுக்கணக்கில் படிந்து தடிப்பதே இதயத் தமனி நோய். அந்தத் தடிப்பு ஒரு நாள் வெடித்து, வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து, வழி அடைபட்டு, அதற்கு அப்பாலுள்ள தசை உயிரிழப்பதே மாரடைப்பு. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, புகை, இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், வயிற்றுப் பருமன், மனஅழுத்தம், காய்கனி உண்ணாமை, மது, உடலியக்கக் குறைவு ஆகிய ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை விளக்கிவிடுகின்றன என்று கண்டது. அந்தத் தரவுகளைக் கொண்டே 2007இல் வெளியான மற்றொரு கட்டுரை, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதை ஒட்டி, அதாவது பிற நாட்டினரைவிட ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்று காட்டியது. துறைமுகத்திலும் ஆலையிலும் கூலி ஈட்டும் ஒரு குடும்பத்துக்கு அந்த ஆறு ஆண்டுகள் மகளின் திருமணத்தையோ மகனின் படிப்பையோ தீர்மானிக்கும் ஆண்டுகள்.

இந்த ஒன்பதில் உணவோடு தொடர்பற்றவை சிலவே. சென்னையில் நடந்த நகர்-ஊரக நோய்ப்பரவல் ஆய்வு, நகரவாசிகளின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே, அதிலும் பெரும்பாலும் வெள்ளரிசியிலிருந்தே வருகிறது என்றும், அந்தப் பங்கு கூடக் கூட இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காத நிலையும் கூடுகிறது என்றும் கண்டது. அரிசியைத் தீட்டும்போது தவிடும் முளையும் நீங்க, நார்ச்சத்தும் மக்னீசியமும் பி வைட்டமின்களும் அவற்றோடு போய்விடுகின்றன. எஞ்சும் மாவுச்சத்து விரைவில் குளுக்கோசாகி, தேவைக்கு மிஞ்சியது கல்லீரலில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக மாற, இரத்தத்தில் அந்தக் கொழுப்பு ஏறி, தமனிகளைக் காக்கும் எச்.டி.எல். இறங்குகிறது. எண்ணெய் கண்டாலே அஞ்சும் நோயாளி மூன்று கரண்டிச் சோறு கூடுதலாகப் போட்டுக்கொள்வதில் தவறு காண்பதில்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் வழியே நாளொன்றுக்கு 5 கிராம் என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் உப்பு வரம்பு காலை உணவிலும் மதிய உணவிலுமே கடந்துபோய், இரத்தக் கொதிப்புக்கு வழிசெய்கிறது.

மறுபுறம், காக்கும் உணவும் இக்கடற்கரையிலேயே உள்ளது. வேல்ஸ் நாட்டில் மாரடைப்பிலிருந்து பிழைத்த ஆண்களிடம் நடத்தப்பட்டு 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாரம் இருமுறை கொழுப்பு மிகுந்த மீன் உண்ணச் சொல்லப்பட்டவர்களிடையே இரண்டாண்டு இறப்பு 29 விழுக்காடு குறைந்திருந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அந்த அளவுக்கு உறுதி தரவில்லை என்றாலும், மீன் நன்மை தரும் என்ற பொதுக்கருத்து நிலைத்திருக்கிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன் நடக்கும் ஏலத்தில் வஞ்சிரத்துக்கு இருக்கும் மதிப்பு மத்திக்கும் காணாங்கெளுத்திக்கும் இல்லை. ஆனால், இதயத்துக்கு நன்மை செய்யும் ஒமேகா-3 கொழுப்பு மிகுந்திருப்பது இந்த மலிவான மீன்களில்தான். அவற்றையும் குழம்பில் இடாமல், பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்துவிட்டால் பாதிப் பயன் போய்விடும். மாரடைப்புக்குப் பிந்தைய சிகிச்சையாகவே உணவைச் சோதித்த ஆய்வுகளில் புகழ்பெற்றது பிரான்சின் லியோன் நகர ஆய்வு. காய், கனி, பருப்பு, மீன் ஆகியவற்றைக் கூட்டி இறைச்சியையும் வெண்ணெயையும் குறைத்த உணவு, அடுத்த மாரடைப்பைப் பாதிக்கு மேல் குறைத்ததாக அதன் 1999ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. மாத்திரையை நிறுத்திவிட்டு உணவை மட்டும் நம்பலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த நோயாளிகளும் மாத்திரை உண்டவர்களே.

இவ்வளவு தெரிந்த பின்னும், ஓர் உடலுக்காக இவ்வளவு கவலை தகுமா என்னும் பழைய கேள்வி எஞ்சுகிறது. அதைக் கேட்டவர் அடங்கிய இடம் இந்தக் கரையிலேயே உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராக இருந்து அனைத்தையும் துறந்த பட்டினத்தார், கையிலிருந்த பேய்க்கரும்பு இனித்த இடமே தம் முத்தித் தலம் என்று திருவொற்றியூரில் தங்கி, கடலோரத்தில் அடங்கினார் என்பது மரபு. அவருடைய பாடல்களில் உடல் என்பது அழுகும் பொருள், நெருப்புக்கும் நரிக்கும் உரியது, பேணத் தகாதது. இந்த நோக்கில் பார்த்தால் கொலஸ்டிரால் அளவை அஞ்சி வாழ்வது மற்றொரு பற்றே ஆகும். திருமூலரோ உடலை இழிவென்று தாம் எண்ணியிருந்ததையும், அதற்குள் இறைவன் குடியிருக்கக் கண்டபின் அதை ஓம்பத் தொடங்கியதையும் திருமந்திரத்தில் சொல்கிறார். உடல் அழிந்தால் மெய்யறிவை எட்டும் வழியும் அழிந்துவிடும் என்பது அவருடைய வாதம். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்று தோன்றலாம். ஆனால், பட்டினத்தாரின் வெறுப்பு உடலைப் போற்றி உயிரை மறந்தவர்களை நோக்கியது. நாற்பத்தைந்து வயதில் சரக்குப் பெட்டகங்களுக்கு இடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் தொழிலாளியை நோக்கி அதைச் சொன்னால், துறவின் மொழி அலட்சியத்தின் மொழியாக மாறிவிடும். உடலைத் துறக்கும் உரிமை அவரவர் தம் உடலைப் பற்றியது மட்டுமே. பிறர் உடலைப் பொறுத்தவரை சைவ மரபு திருமூலரின் பக்கமே நிற்கிறது எனலாம்.

பொறுப்பைப் பற்றிய கேள்வியில் இந்த வட்டாரத்தின் சமயங்கள் இரண்டு கண்ணிழப்புகளை முன்வைக்கின்றன. திருவொற்றியூரில் சங்கிலி நாச்சியாரை மணந்து, அவரைப் பிரியேன் என்று சூளுரைத்த சுந்தரர், சூளை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் பார்வையை இழந்தார் என்கிறது பெரிய புராணம். இங்கே குறை செய்தவர், செய்த குறை, விளைந்த தண்டனை மூன்றும் தெளிவு. இராயப்பர் என்று தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் புனித பேதுருவின் பெயரால் எழுந்த கோயில் இராயபுரத்தில் உள்ளது. அங்கே வாசிக்கப்படும் யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவர் இவரா, இவரைப் பெற்றவர்களா என்று கேட்க, இருவரும் அல்லர் என்று இயேசு மறுத்துவிடுகிறார். சுந்தரரின் கதையை நோயாளிகள் அனைவருக்கும் பொருத்துவது எளிது, ஆனால் புராணம் அதற்கு இடம் தரவில்லை. அங்கே குறையைச் சொல்லி அழுபவர் சுந்தரரே, அவரைச் சுட்டிக்காட்டிப் பழிக்கும் ஊரார் அல்லர்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது: பல பிறவிகளில் குவிந்து கிடப்பது சஞ்சிதம், அதில் இப்பிறவியில் நுகர்வதற்கென முதிர்ந்து வருவது பிராரத்தம், நுகரும்போதே புதிதாகச் சேர்வது ஆகாமியம். வினை தானாக இயங்காத சடப்பொருள் என்றும், அதை உரியவரிடம் கூட்டுவிப்பவன் இறைவன் என்றும், அதன் நோக்கம் தண்டிப்பதன்று, உயிரைப் பக்குவப்படுத்துவதே என்றும் அந்நூல்கள் வலியுறுத்துகின்றன. துன்பத்தைத் தாங்குபவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும்போது இக்கொள்கை ஆறுதலாகிறது. அருகிலிருப்பவர் அதை எடுத்துச் சொல்லும்போது குற்றச்சாட்டாகிவிடுகிறது. சமயத்தில் நம்பிக்கையற்றவர்கள் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டவர்கள் என்று கருதுவதற்கும் இல்லை. வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா என்று உறவினர் கேட்பதும், வாழ்க்கைமுறை நோய் என்று நாளிதழ்கள் எழுதுவதும் வினைக்கொள்கையின் மலிவுப் பதிப்புகளே. அந்த வாழ்க்கைமுறையை நோயாளி எந்தக் கடையில் தேர்ந்தெடுத்தார் என்று எவரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் மருத்துவம் வியப்பான ஒரு செய்தியைக் கொண்டுவருகிறது. பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் பார்க்கர் 1980களில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, எடை குறைந்து பிறந்தவர்களே பின்னாளில் இதயநோயால் மிகுதியாக இறந்திருப்பதைக் கண்டார். தாயின் வயிற்றில் உணவு போதாதபோது கரு தன் உறுப்புகளைச் சிக்கனமாகக் கட்டிக்கொள்கிறது என்பதும், அவ்வாறு பஞ்சத்துக்கு ஏற்ப அமைந்த உடல் பின்னாளில் நிறைந்த உணவைச் சந்திக்கும்போது தடுமாறுகிறது என்பதும் அவருடைய விளக்கத்தின் சாரம். 1930களிலிருந்து மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் பிறந்தவர்களைத் தேடிச் சென்று ஆராய்ந்து 1996இல் வெளியான கட்டுரை, தென்னிந்தியாவிலும் பிறப்பெடை குறையக் குறைய இதயத் தமனி நோய் கூடுவதைக் காட்டியது. ஐம்பது வயதில் அடைபடும் தமனியின் காரணங்களில் ஒன்று, அந்த மனிதர் பிறக்கும் முன்னரே, அவருடைய தாய் உண்ணாமல் விட்ட சோற்றில் இருக்கிறது. முன்னைப் பிறவி என்று சொல்லத் தேவையில்லாமலே, தாம் செய்யாத ஒன்றின் பயனை ஒருவர் தம் உடலில் நுகர்கிறார். கஞ்சித்தொட்டியின் காலமும் இதயப் பிரிவின் காலமும் வேறுவேறு என்னும் எண்ணம் இங்கே சரிந்துவிடுகிறது. நேற்றைய பசி இன்றைய நோயில் தொடர்கிறது.

உண்பவரின் கடமை இதனால் இல்லாமற் போவதில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவரின் உடலுக்கு மருந்தே வேண்டாம் என்று அதிகாரத்தின் பெரும்பகுதியையும் உண்ணும் முறைக்கே ஒதுக்குகிறது. ஆனால், அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவம் என்பதை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறது. நோயாளி தனியர் அல்லர் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அந்த நான்காம் உறுப்பு நடைமுறையில் பெரும்பாலும் ஒரு பெண். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் சீட்டில் பத்தியம் கணவரின் பெயருக்கு எழுதப்பட்டாலும், உப்பில்லாத குழம்பைத் தனியாகவும் மற்றவர்களுக்கு வேறாகவும் சமைப்பது, மீன் வாங்கப் பணம் தேடுவது, கடைசியில் மிஞ்சியதை உண்பது ஆகிய அனைத்தும் அவர் தலையில் விழுகின்றன. அவர் அடுத்த குழந்தையைச் சுமப்பவராகவும் இருந்தால், அவர் உண்ணாமல் விடுவது முன் பத்தியில் சொன்ன சங்கிலியின் அடுத்த கண்ணி.

உணவைத் தருபவரின் கடமை என்ன என்பதைத் தமிழில் மிக ஆழமாக ஆராய்ந்தவர் வள்ளலார். சென்னை ஏழுகிணற்றில் வளர்ந்து, திருவொற்றியூர் வடிவுடையம்மனை வழிபட இந்தச் சாலைகளில் நடந்தவர் அவர். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசியாற்றுவதையே வழிபாடாக வகுத்தார். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் அவர் கூறும் ஒரு கருத்து இங்கே மிகவும் பொருந்துகிறது: சூலை, குன்மம், குட்டம் போன்ற தீராத நோய்களால் வருந்தும் இல்லறத்தார், தம் தகுதிக்கு இயன்றபடி பசித்த ஏழைகளின் பசியை ஆற்றுவதையே விரதமாகக் கொண்டால் அதுவே அவர்களுக்கு மருந்தாகும் என்கிறார். நோய் நீங்க நோயாளி எதை உண்ண வேண்டும் என்று எல்லா மருத்துவ நூல்களும் சொல்ல, அவர் யாருக்கு உண்ணக் கொடுக்க வேண்டும் என்று வள்ளலார் சொல்கிறார். இதை உயிரியல் கூற்றாக எடுத்துக்கொண்டால் நிறுவ வழியில்லை. ஓர் உடலின் நலம் அந்த உடலோடு முடிவதில்லை என்னும் அறக்கூற்றாக எடுத்துக்கொண்டால், பார்க்கர் கண்டதும் மைசூர் ஆய்வு காட்டியதும் அதற்கு முரணாக இல்லை.

வள்ளலாரை அப்படியே ஏற்பதில் இந்த வட்டாரத்துக்கு ஒரு தடையும் உண்டு. கொலையையும் புலாலையும் அவர் உறுதியாக விலக்கினார். மீனே தொழிலும் மீனே உணவுமான காசிமேட்டுக்கும் எண்ணூர்க் குப்பங்களுக்கும் அந்த நெறி பொருந்தாது, மருத்துவ நோக்கிலும் அவர்களிடமிருந்து மீனை எடுப்பது இருக்கும் காப்பையும் பறிப்பதாகும். ஆனால், புலால் உண்பவர்களைத் தம் நெறிக்குப் புறத்தார் என்று கருதியபோதும் அவர்களுடைய பசியையும் ஆற்றவே வேண்டும் என்று அவர் விதித்தார். பசித்தவரின் தேசம், சாதி, சமயம், செய்கை எதையும் விசாரிக்கக் கூடாது என்பது அவர் வகுத்த விதி.

தருபவர் அளவு பார்க்கத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்குச் சென்னை மாகாணத்தின் வரலாற்றில் கசப்பான சான்று உள்ளது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தின்போது இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இன் தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார்; மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், கடும் உழைப்பாளியின் உடலை வெறும் தானியம் நிலைநிறுத்தாது, பருப்பும் பிறவும் வேண்டும் என்று உடலியல் காரணங்களைக் காட்டி வாதாடிய பின்னரே அது உயர்த்தப்பட்டது. ஏழையின் தட்டில் எது இருக்க வேண்டும் என்பதை அறிவியலின் பெயரால் ஒருவர் குறைக்கவும், அதே அறிவியலின் பெயரால் மற்றொருவர் கூட்டவும் செய்த அந்த விவாதத்தில், இன்றைக்கும் படிக்கத்தக்கது கார்னிஷின் பக்கம். அளவு என்பது தருபவரின் செலவிலிருந்து கணக்கிடப்பட்டதா, உண்பவரின் உடலிலிருந்து கணக்கிடப்பட்டதா என்பதே அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

அந்த அளவுகோலை இன்றைய கொடைகளின்மேல் வைத்துப் பார்க்கலாம். மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், 1920இல், ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு முதல், ஒரு ரூபாய் இட்லியோடு 2013இல் வந்த அம்மா உணவகம் வரை, பசியைப் பொதுக்கடமையாகக் கண்டதில் தமிழ்நாட்டுக்கு நிகரான மாநிலம் குறைவு. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. விலையேற்றத்தைச் சமாளிக்க 2007இல் வந்த சிறப்புத் திட்டத்தின்கீழ்த் துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவாகக் கிடைக்கின்றன. பருப்பு இதயத்துக்கு நண்பன். லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலிலோ, கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் இரண்டு பங்கு இருக்கிறது. நல்லெண்ணெயில் அது ஏழில் ஒரு பங்கே. 2009 முதல் அரசின் காப்பீட்டுத் திட்டம் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்கும் செலவையும் ஏற்கிறது. ஒரே அரசு ஒரு கையால் பாமாயிலையும் மறு கையால் ஸ்டென்டையும் தருவதில் உள்ள முரண், எவருடைய தீய எண்ணத்தாலும் விளைந்ததன்று. பசியைத் தீர்ப்பது ஒரு துறையின் வேலை, நோயைத் தீர்ப்பது வேறொரு துறையின் வேலை என்று கோப்புகள் பிரிந்து கிடப்பதால் விளைந்தது.

ஆலைகளின் நிலை இன்னும் தெளிவற்றது. 1946இல் எம்.ஆர்.எஃப். ஒரு சிறு கொட்டகையில் தொடங்கிய திருவொற்றியூரும், அசோக் லேலண்டின் இடமான எண்ணூரும், அவற்றுக்கு அருகிலுள்ள மணலியும் மூன்று ஷிப்டில் உழைக்கும் ஊர்கள். உடலின் உள்கடிகாரத்துக்கு மாறாக நள்ளிரவில் உண்பதும் பகலில் உறங்குவதும் இதயநோயின் ஆபத்தைக் கூட்டும் என்பது பல ஆய்வுகளின் முடிவு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவுக்கூடம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. உணவுக்கூடத்தின் கட்டடத்தையும் தட்டுமுட்டுகளையும் விலையையும் பற்றி விதிகள் காட்டிய அக்கறை, குழம்பில் எவ்வளவு உப்பு என்பதில் காட்டப்படவில்லை. வாயிலுக்கு வெளியே நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பரோட்டாவும் சால்னாவும் விற்கும் தள்ளுவண்டியே உணவுக்கூடம். அவர் சுவாசிக்கும் அனல்மின் நிலையக் காற்றில் உள்ள நுண்துகளும் தமனியைத் தாக்கும் என்பதால், முழுப் பொறுப்பையும் தட்டின்மேல் சுமத்துவதும் சரியன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கழிமுகத்தை நம்பிய குடும்பங்கள் பிழைப்பையும், விலையின்றித் தம் அடுப்புக்கு வந்துகொண்டிருந்த மீனையும் ஒருசேர இழந்தன.

கொடுப்பதில் அறிவு இருந்த சான்றுகள் இங்கேயே உண்டு. ஆடி மாதத்தில் இவ்வட்டாரத்து அம்மன் கோயில்களில் வார்க்கப்படும் கேழ்வரகுக் கூழ் தவிடு நீங்காத தானியம். அதோடு சேரும் முருங்கைக்கீரையும் வெங்காயமும் மருத்துவர் எழுதித் தரும் பட்டியலில் இடம்பெறத்தக்கவை. கருவாட்டை மட்டும் அளவாக வைக்கலாம். ரமலானில் பள்ளிவாசல்கள் வாசலுக்கு வருவோர்க்கெல்லாம் வழங்கும் நோன்புக் கஞ்சியில் பருப்பும் வெந்தயமும் சேர்கின்றன. நோன்பு திறந்த பின் வரும் பஜ்ஜியும் சமோசாவும் கஞ்சியின் குற்றமல்ல. நிவேதனமாகிய சர்க்கரைப் பொங்கலையும் வடைமாலையையும் மருத்துவத் தராசில் நிறுக்கத் தேவையில்லை, ஏனெனில் பிரசாதம் கையளவே. ஆனால், நாள்தோறும் வயிறு நிறைய இடும் அன்னதானத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே வெள்ளைச் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, ஒரு கூட்டையோ சுண்டலையோ சேர்ப்பது தானத்தின் புண்ணியத்தை எவ்வகையிலும் குறைக்காது.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு, ஏழை என்ன உண்ண வேண்டும் என்று தீர்மானிக்க மற்றவர்களுக்கு என்ன உரிமை என்பது. வசதியுள்ளவர் விரும்பியதை உண்டு நோயுற்றால் அது அவருடைய சுதந்திரம், ஏழை உண்டால் மட்டும் அறிவுரையா என்று கேட்பதில் தன்மானத்தின் குரல் உள்ளது. டெம்பிளின் கூலியை நினைவில் கொண்டவர்கள் அதைப் புறந்தள்ள முடியாது. ஆனால், கொடுக்கும் பொருளில் எதை வைப்பது என்பது ஏற்கெனவே யாரோ தீர்மானித்த ஒன்றே. பாமாயில் தானாக ரேஷன் கடைக்கு நடந்து வரவில்லை. ஆகவே, உண்பவரின் விருப்பத்தில் தலையிடாமலே, விலையின்றியும் மலிவாகவும் கிடைப்பவற்றில் கேழ்வரகையும் நல்ல எண்ணெயையும் சேர்த்து வைப்பது அவருடைய தேர்வை விரிவாக்குவதே ஆகும். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் இரண்டு கிலோவுக்கு ஈடாகக் கேழ்வரகு தரும் திட்டம் அந்த நோக்கில் தொடங்கியது.

எல்லாம் கிடைத்தும், எல்லாம் தெரிந்தும், பத்தியத்தை மீறி இரண்டாம் முறை நெஞ்சுவலியோடு வருபவரை என்ன செய்வது? அவருடைய ஆகாமியம் அவருடையதே என்று சித்தாந்தம் சொல்லலாம். இன்டர்ஹார்ட்டின் ஒன்பது காரணிகளில் எத்தனை அவர் கையில் இருந்தன என்று ஒருவர் கணக்கிடவும் செய்யலாம். என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்பது நோயின் வழியை அறிவதற்காக. தகுதியை அளப்பதற்காக அக்கேள்வி எழுமானால், செய்கையை விசாரியாமல் இடுக என்ற வள்ளலாரின் விதி அங்கே குறுக்கே நிற்கும். அந்த விதி கஞ்சிக்கு எப்படிப் பொருந்துமோ அப்படியே ஸ்டென்டுக்கும் பொருந்தும், இரண்டாம் முறை வந்தவருக்கும் மூன்றாம் முறை வந்தவருக்கும் பொருந்தும்.